நொச்சி வலியைக் குறைக்கிறதா? மூலிகைச் சாரத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க் கரையிலும் வேலியோரத்திலும் நொச்சிக்குக் குறைவில்லை. மூட்டு வீங்கினால் இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். முடக்கத்தானை அரைத்துத் தோசை மாவில் கலப்பார்கள். பிரண்டை துவையலாகும். இங்குள்ள கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி., எம்.ஃபார்ம் மாணவர்கள் ஆய்வுக்கு முதலில் கையிலெடுப்பதும் இந்தச் செடிகளைத்தான். ஆனால் சோதனைக்குழாயில் ஓர் எண் மாறிவிட்டாலே "மருந்து வேலை செய்கிறது" என்று எழுதிவிட முடியாது. சாரத்தின் பச்சை நிறமும், அதிலுள்ள துவர்ப்பும், எலிக்கு வந்த தூக்கமும்கூட அந்த எண்ணை மாற்றும். அவை ஒவ்வொன்றையும் விலக்கிக் காட்டுவதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி போகிறது. நொச்சி இலையை எடுத்துக்காட்டாக வைத்து, தொடக்கம் முதல் பார்ப்போம்.

எந்த வடிவத்தைச் சோதிக்கிறோம்?

இதை முடிவு செய்யாமல் இலை பறிக்கப் போகாதீர்கள். வீட்டில் வெளியே போடும் இலையை 70% ஆல்கஹாலில் ஊறவைத்து, எலிக்கு வாய்வழியாகக் கொடுத்துவிட்டு "பாரம்பரியப் பயன்பாடு உறுதியானது" என்று எழுதுவது பொருந்தாது. கஷாயமாகக் குடிப்பதென்றால் நீர்ச்சாரத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். ஒத்தடம் என்றால் மேற்பூச்சுச் சோதனை வேண்டும். சுண்டெலியின் காதில் குரோட்டன் எண்ணெயோ சைலீனோ தடவி, காது எவ்வளவு தடிக்கிறது என்று அளக்கும் முறை அதற்கு ஏற்றது. ஒத்தடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: சூடே வலியைத் தணிக்கும். ஆகவே மனிதர்களிடம் ஒத்தடத்தை ஆராய நேர்ந்தால், இலை வைக்காமல் அதே அளவு சூடாக்கிய துணி முடிச்சு ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

செடி

பெயரை நம்பி வாங்காதீர்கள். நொச்சி என்பது வைட்டெக்ஸ் நெகுண்டோ. நீர்நொச்சி வேறு இனம், வைட்டெக்ஸ் டிரைஃபோலியா. கடையில் தழுதாழை என்ற மூலிகையைக் கேட்டால் முன்னை என்ற வேறு செடி வருவதும் உண்டு, ஏனென்றால் இரண்டும் அக்னிமந்தம் என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. பூவோடு கூடிய கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர் தாவரக் காப்பகம்), கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ அடையாளம் காணச் செய்து, பதிவு எண் பெற்றுக்கொள்ளுங்கள். பறித்த இடம், நாள், பூத்திருந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பறிக்க வேண்டாம். அடைமழைக் காலத்தில் நிழலில் போட்ட இலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை நச்சும் சாரத்தோடு வந்து, பின்னால் நச்சுத்தன்மைச் சோதனையைக் கெடுக்கும். தை, மாசி நல்ல மாதங்கள். தளிர் இருக்கும், காற்றும் வறண்டிருக்கும். இலையைக் கழுவி, நீர் வடியவிட்டு, காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வளவு எனப்படும் வீட்டு உள்முற்றத்தின் சுற்றுத் தாழ்வாரம் இதற்கு அருமையான இடம். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாகப் போடாதீர்கள். சிமென்ட்டுக் கல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தரை துடைத்த இரசாயனமும் ஒட்டும். வெளுத்த பருத்தித் துணி விரியுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சு மை ஆல்கஹாலில் கரையும். வெயிலில் காயவைத்தால் நொச்சியின் வாசனை எண்ணெய் போய்விடும். கையில் நொறுக்கினால் சடசடவென உடைய வேண்டும். ஒரு சிறு மாதிரியை 105 டிகிரியில் எடை மாறாத வரை வைத்துப் பார்த்தால், மிச்ச ஈரம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

பலர் இந்தக் கணக்கைப் போடாமல் 50 கிராம் பொடியில் தொடங்கி, பாதியில் சாரம் தீர்ந்து, அடுத்த மாதம் புதிதாக இலை பறித்துத் தொடர்கிறார்கள். அப்படிச் செய்தால் முதல் பாதிச் சோதனையும் மறுபாதியும் வெவ்வேறு மருந்துக்கானவை ஆகிவிடும். முன்கூட்டியே கணக்கிடுங்கள். 200 கிராம் எடையுள்ள 6 எலிகள் ஒரு குழு. கிலோ எடைக்கு 100, 200, 400 மி.கி. என மூன்று அளவுகள். மொத்தம் 700 மி.கி. × 0.2 கிலோ × 6 = 840 மி.கி. பாத வீக்கச் சோதனைக்கு இதுவே போதும். 25 கிராம் சுண்டெலிகளில் செய்யும் ஒவ்வொரு வலிச் சோதனைக்கும் 105 மி.கி. நச்சுத்தன்மைச் சோதனைதான் நிறைய தின்னும்: கிலோவுக்கு 2000 மி.கி. வீதம் 6 எலிகளுக்கு 2.4 கிராம். குழாய்ச் சோதனைகளும் சேதாரமும் சேர்த்தால் 6 கிராம் சாரம் ஆகும். பொடியில் 10% சாரம் கிடைக்கிறது என்று வைத்தால் 60 கிராம் பொடி. 200 கிராம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே தவணையில் செய்து முடியுங்கள். மீந்ததைப் பத்திரப்படுத்துங்கள்.

சாரம் எடுத்தல்

பொடியை 40 எண் சல்லடையில் சலியுங்கள். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவையில் 200 கிராம் பொடிக்கு 2 லிட்டர் 70% எத்தனால் ஊற்றி, மூடி, 72 மணி நேரம் வைத்து, அவ்வப்போது குலுக்குங்கள். துணியில் வடித்து, பிறகு வாட்மன் 1 தாளில் வடியுங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) நீர்த்தொட்டி 45 டிகிரியைத் தாண்டாமல் ஆல்கஹாலைப் போக்கி, மிச்சத்தை டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலத்தில்) எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். 200 கிராமில் 24 கிராம் கிடைத்தால் ஈவு 12%. இந்த எண்ணை எழுதி வைப்பது மிக முக்கியம், கடைசிக் கணக்கில் இது தேவைப்படும்.

கரைப்பானைக் கொதிக்கவைத்து மீண்டும் மீண்டும் பொடிமேல் வடியவிடும் சாக்ஸ்லெட் கருவி வைத்திருப்பவர்கள் அதையே நாடுகிறார்கள். வெப்பம் தாங்கும் பொருட்களுக்கு அது சரி. நொச்சிக்கு ஊறவைத்தலே மேல். சாக்ஸ்லெட்தான் வேண்டுமென்றால், சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடப்பதை மறக்காதீர்கள். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் அந்தத் தண்ணீர் ஓடினால் ஆவி குளிராமல் கரைப்பான் அறையில் பரவும், தீப்பிடிக்கும் அபாயம். வாளியில் பனிக்கட்டி நீர் வைத்து, மீன்தொட்டி மோட்டாரால் சுற்றவிட்டால் சரியாகிவிடும். சூடேற்ற ஹீட்டிங் மேன்டில் மட்டும். தீச்சுடர் வேண்டாம்.

ஆல்கஹால் வாடை மிச்சமிருந்தால் சாரம் உலரவில்லை என்று பொருள். ஆல்கஹாலே எலியை மயக்கி வலியைக் குறைத்துக் காட்டும். உலர்ந்த சாரத்தைச் சிறு குப்பிகளில் பிரித்து 4 டிகிரியில் வையுங்கள். குப்பியைக் குளிரோடு திறந்தால் ஈரம் இழுத்துப் பாகாகிவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

டேனின் (துவர்ப்புப் பொருள்), சபோனின் (நுரைக்கும் பொருள்), ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு இருக்கிறதா என்ற எளிய நிறச்சோதனைகளை இப்போதே முடியுங்கள். ஏன் என்பது அடுத்துத் தெரியும். முடிந்தால், சாரத்திலுள்ள பொருட்களை மெல்லிய தட்டில் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. தடயமும் எடுங்கள். நொச்சிக்கு அக்னுசைட், நெகுண்டோசைட் இரண்டும் பொருத்தமான அடையாளப் பொருட்கள்.

குழாய்ச் சோதனைகள்

முதலாவது, புரதம் திரிதலைத் தடுக்கிறதா என்பது. 0.2 மில்லி முட்டை வெள்ளைக்கரு, பிஎச் 6.4 உள்ள 2.8 மில்லி பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்), 2 மில்லி சாரக் கரைசல், ஆக 5 மில்லி. 37 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 70 டிகிரியில் 5 நிமிடம். ஆறவைத்து 660 நானோமீட்டரில் அளவெடுங்கள். சாரத்துக்குப் பதில் பஃபர் ஊற்றியது கண்ட்ரோல், டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து ஒப்பீட்டு மருந்து.

செய்ய எளிது, ஏமாறவும் எளிது. இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன. முதல் குழி நிறம். பச்சையம் ஒளியை உறிஞ்சும் உச்சம் ஏறத்தாழ 663 நானோமீட்டர், நாம் அளப்பதோ 660. இலைச் சாரத்துக்கு இது மிக மோசமான அலைநீளம். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் வெள்ளைக்கரு சேர்க்காத பிளாங்க் தனியாக வைத்து, அதன் அளவைக் கழிக்க வேண்டும். கண்ட்ரோல் 0.60, சாரக் குழாய் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கணக்கிட்டால் தடுப்பு 25%. சாரத்தின் சொந்த நிறம் மட்டுமே 0.12 என்றால், திருத்திய அளவு 0.33, தடுப்பு 45%. செய்த சோதனை ஒன்றே, பிளாங்க் வைத்ததால் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இரண்டாவது குழி வாய்ப்பாடு. திரிந்த புரதம் கலங்கலைக் கூட்டும், ஆகவே கண்ட்ரோலிலிருந்து சாரக்குழாயைக் கழித்து, கண்ட்ரோலால் வகுத்து நூறால் பெருக்குவதே பொருளுடையது. ஆனால் சாரக்குழாயைக் கண்ட்ரோலால் வகுத்து ஒன்றைக் கழிக்கும் வாய்ப்பாடும் பல கட்டுரைகளில் உலவுகிறது. அதன்படி கலங்கல் கூடினால் தடுப்பு கூடியதாக வரும். எதையும் நகலெடுக்கும் முன், வெறும் கண்ணால் குழாயைப் பாருங்கள்: டைக்ளோஃபினாக் குழாய் கண்ட்ரோலைவிடத் தெளிவாக இருக்கிறதா? இல்லையென்றால் சாரத்தின் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

மூன்றாவது டேனின். துவர்ப்புள்ள சாரம் சூடாக்கும் முன்பே புரதத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். சூடாக்காத குழாய் ஒன்றையும் அளந்தால் பிடிபட்டுவிடும். செறிவையும் கவனியுங்கள்: மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் கரைசலில் 2 மில்லி எடுத்து 5 மில்லியாக்கினால், குழாயில் இருப்பது 400 மைக்ரோகிராம்தான்.

அடுத்தது சிவப்பணுச் சவ்வு நிலைப்புச் சோதனை. சிவப்பணுச் சவ்வு, அழற்சியின்போது உடையும் லைசோசோம் சவ்வை ஒத்தது என்பது இதன் அடிப்படை. ஒப்புதல் தந்த, இரண்டு வாரமாக வலிமருந்து எதுவும் சாப்பிடாத ஒருவரின் இரத்தத்தை, பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டும். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை. இரத்தம் உறையாமல் காக்கும் ஆல்சிவர் கரைசலில் சம அளவு கலந்து, மையவிலக்கியில் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் சுற்றி, 0.85% உப்புநீரில் மேல்நீர் தெளியும்வரை கழுவி, 10% தொங்கலாக்குங்கள் (கரையாமல் மிதக்கும் கலவை). 1 மில்லி பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4, 2 மில்லி 0.36% உப்புநீர் (சிவப்பணுவை உடைக்கவே இந்தக் குறைந்த செறிவு), 0.5 மில்லி தொங்கல், 0.5 மில்லி சாரம். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்துச் சுற்றி, மேல்நீரை 560 நானோமீட்டரில் அளக்க வேண்டும். சபோனின் உள்ள சாரம் சிவப்பணுவைத் தானே உடைக்கும். அதனால் நல்ல மருந்தும் இங்கே தோற்றதுபோலத் தெரியலாம். 0.36% உப்புநீருக்குப் பதில் 0.85% ஊற்றிய குழாயிலும் மேல்நீர் சிவந்தால் காரணம் சபோனின்தான்.

செல் வளர்ப்பு வசதி இருந்தால் ரா 264.7 என்ற சுண்டெலி நோயெதிர்ப்புச் செல்களை எல்.பி.எஸ். என்ற பாக்டீரியாப் பொருள் கொண்டு தூண்டி, அவை விடும் நைட்ரிக் ஆக்சைடின் அடையாளமான நைட்ரைட்டை, நிறம் தரும் கிரீஸ் வினைப்பொருளால் 540 நானோமீட்டரில் அளப்பது இவ்விரண்டையும்விட வலுவான சான்று. கூடவே செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டும் எம்.டி.டி. சோதனை வேண்டும். செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு விடாது.

விலங்குச் சோதனைக்கு முன்

இது வீட்டிலோ தனி ஆளாகவோ செய்யும் வேலை அல்ல. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த சி.சி.எஸ்.இ.ஏ.வில் (விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்க்கும் குழு) பதிவு பெற்ற விலங்குக் கூடத்தில், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பமான படிவம் பி கொடுத்து அனுமதி பெற்ற பிறகே தொடங்க முடியும். குழாயில் ஒன்றும் தெரியாத சாரத்தை எலியிடம் கொண்டுபோகாதீர்கள். 1959இல் ரஸலும் பர்ச்சும் வகுத்த மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (எண்ணிக்கையைக் குறைத்தல்), மென்மை (துன்பத்தைக் குறைத்தல்) என்ற மூன்றும் விண்ணப்பத்தில் நிரப்பும் சொற்கள் மட்டுமல்ல. வலியை அளக்கும் சோதனையில் அவை முதலில் வர வேண்டியவை. அந்த வலியைத் தாங்குவது அந்த உயிர்.

நச்சுத்தன்மைக்கு, பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 423ஆம் வழிகாட்டு முறை: ஒரு படிக்கு 3 பெண் எலிகள், 14 நாள் கவனிப்பு. கொடுத்த முதல் 4 மணி நேரம் கண் எடுக்காமல் பாருங்கள். நடுக்கம், மயிர் சிலிர்ப்பு, சோர்வு எல்லாம் அப்போதுதான் தெரியும். 2000 மி.கி.யில் இறப்பில்லையென்றால் அதில் இருபதில் ஒன்று, பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என 100, 200, 400 தேர்வது வழக்கம்.

சாரம் நீரில் முழுக்கக் கரையாது. கெட்டிப்படுத்தும் பொருளான சி.எம்.சி.யின் 0.5% கரைசலில் தொங்கலாக்கி, கண்ட்ரோல் குழுவுக்கும் அதே சி.எம்.சி.யைக் கொடுங்கள். கிலோவுக்கு 10 மில்லி என்று கொள்ளளவை நிலையாக வைத்தால் 200 மி.கி. அளவுக்கு மில்லிக்கு 20 மி.கி. கரைசல். 200 கிராம் எலிக்கு 2 மில்லி, 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மில்லி. அளவு கூடினால் கரைசலின் செறிவைக் கூட்டுங்கள், கொள்ளளவைக் கூட்டாதீர்கள்.

பாத வீக்கம்

கடற்பாசிப் பொருளான கராஜீனனைப் பாதத்தில் செலுத்தி வீக்கம் உண்டாக்கும், 1962இல் வின்டர் குழுவினர் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படை. மண்டபம் கடலோரத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து வருவது காப்பா கராஜீனன், அது கூழாக உறையும். சோதனைக்கு வேண்டியது லாம்டா வகை. 0.9% உப்புநீரின் மேல் பொடியைத் தூவி, முதல் நாளே ஊறவிட்டு 1% கரைசலாக்குங்கள். அவசரமாகக் கலக்கினால் கட்டி தட்டி ஊசியை அடைக்கும்.

எலியின் வலது பின்காலில் கணுவுக்கு மேல் மையால் கோடு போடுங்கள். காலை நீரில் முக்கிக் கன அளவைக் காட்டும் பிளெதிஸ்மோமீட்டரில் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுவரை மட்டும் கால் முங்க வேண்டும். முதல் அளவு எடுத்து, சாரம் கொடுத்து, 1 மணி நேரம் கழித்து உள்ளங்காலில் 0.1 மில்லி கராஜீனன். ஊசியை எடுக்கும்போது கசிந்தால் அந்த எலியின் கணக்கு போச்சு. சில நொடி பொறுத்து மெல்ல எடுங்கள். பிறகு 1, 2, 3, 4, 5 மணியில் அளவு. குழு எது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆள் மாறவும் கூடாது. கோடுவரை முக்குவது கைப்பழக்கம், ஆளுக்கு ஆள் வேறுபடும்.

கணக்கிட வேண்டியது காலின் மொத்தக் கன அளவை அல்ல, கூடிய அளவை. 3ஆம் மணியில் கண்ட்ரோலில் 0.80 மில்லி, சாரக் குழுவில் 0.48 மில்லி கூடியிருந்தால் தடுப்பு 40%. எந்த மணியில் தடுக்கிறது என்பதும் செய்தி. முதல் மணியளவில் வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமினும் செரடோனினும், பிறகு கைனின்கள், ஏறத்தாழ இரண்டரை மணிக்குமேல் புரோஸ்டாகிளாண்டின்கள். சாரம் முதல் மணியில் மட்டும் வேலை செய்து 3ஆம் மணியில் விட்டுவிட்டால், அதை டைக்ளோஃபினாக்கோடு ஒப்பிட்டுப் பேசுவது தவறு.

வலி

வீக்கம் குறைவது வேறு, வலி குறைவது வேறு. அசெட்டிக் அமிலச் சோதனை மிக நுண்ணியது: சுண்டெலியின் வயிற்றறையில் 0.6% அமிலம், கிலோவுக்கு 10 மில்லி. 5 நிமிடம் விட்டு அடுத்த 20 நிமிடம் உடல் நெளிவதை எண்ணுவது. ஆனால் தசை தளர்த்தும் மருந்துகளும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளும்கூட இதில் தேறிவிடும். இதை மட்டும் வைத்து வலிநிவாரணி என்று எழுதக்கூடாது.

சூட்டுத்தட்டு முறையில் 55 டிகிரித் தட்டில் வைத்து, பாதத்தை நக்கவோ துள்ளவோ எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 15 நொடியில் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இல்லையேல் பாதம் வெந்துபோகும். முதலில் 4 நொடி, சாரம் கொடுத்தபின் 8 நொடி என்றால், கூடிய 4 நொடியை, கூடியிருக்கக்கூடிய அதிகபட்சமான 11 நொடியால் (15 − 4) வகுத்தால் 36%. கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் காலையிலும் பிற்பகலிலும் எடுத்த அளவுகளைச் சேர்க்காதீர்கள். மின்தடை வந்து தட்டு ஆறி மறுபடி சூடேறினால், வெப்பமானியால் சரிபார்த்த பிறகே அடுத்த சுண்டெலி.

ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்றால் ஃபார்மலின் சோதனையைத் தேர்வது நல்லது. சுண்டெலியின் பாதத்தில் 2.5% ஃபார்மலின் 20 மைக்ரோலிட்டர். முதல் 5 நிமிடம் நக்கும் நேரம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படும் வலி, 15 முதல் 30 நிமிடம் வரை அழற்சி வலி. மார்ஃபின் வகை இரண்டையும் அடக்கும். ஆஸ்பிரின் வகை பெரும்பாலும் இரண்டாவதை மட்டும். சாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரே விலங்கில் தெரிந்துவிடும். முதல் கட்டமும் அடங்கினால், மார்ஃபின் வகையின் (ஓபியாய்டு) வேலையைத் தடுக்கும் நாலோக்சோன் கொடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். விளைவு மறைந்தால் ஓபியாய்டு வழி. ஒப்பீட்டுக்கு மார்ஃபின், பென்டசோசின், டிராமடால் எதை எடுத்தாலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிம வேலையைப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

எதுவாயினும், சுழலும் கம்பியில் விலங்கை நிற்கவைக்கும் ரோட்டராட் சோதனை கூடவே வேண்டும். மயங்கிக் கிடக்கும் சுண்டெலி நெளியாது, நக்காது, துள்ளாது. வலி அப்படியே இருக்கும். கம்பியில் கண்ட்ரோல் குழு நிற்கும் நேரம் சாரக் குழுவும் நிற்கிறதா என்று பாருங்கள். 400 மி.கி.யில் விழுகிறது, 200இல் விழவில்லை என்றால், 400இன் வலிக் கணக்கை விட்டுவிட்டு 200இன் கணக்கைப் பேசுங்கள்.

புள்ளியியலுக்கு, குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் ஒருவழி அனோவா, பிறகு ஒவ்வொரு குழுவையும் கண்ட்ரோலோடு ஒப்பிட டனெட் சோதனை. ஒரே எலியைப் பல மணி நேரம் அளந்திருப்பதால், மணிவாரி அளவுகளை ஒரே குவியலாகப் போட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டக்கூடாது. விட்டுவிட்ட விலங்குகள் எத்தனை, ஏன் என்பதையும் எழுதுங்கள்.

கடைசிக் கணக்கு

எலியில் கிலோவுக்கு 200 மி.கி. வேலை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடற்பரப்பு முறையில் எலியின் அளவை 6.2ஆல் வகுத்தால் மனிதருக்கான இணை அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 32 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 1.9 கிராம் சாரம். ஈவு 12% என்று குறித்து வைத்தோமல்லவா? அப்படியானால் 16 கிராம் உலர் இலை. இது யாருக்கும் சாப்பிடச் சொல்லும் அளவு அல்ல. சோதனையில் கொடுத்த அளவுக்கும் வீட்டுக் கஷாயத்தில் போடும் ஒரு கைப்பிடிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று காட்டும் அளவு. உங்கள் ஊர்ப் பெண்கள் கஷாயத்துக்கு எடுக்கும் இலையை உலர்த்தி எடைபோட்டு, அந்த எண்ணையும் இந்த 16 கிராமையும் ஆய்வேட்டில் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள்.